ஒழுகும் கூரைக்கு ஓட்டு

ஓஹையோவின் அந்தச் சிற்றூரில் பள்ளிக்கூடத்தை நடத்த வரி போடலாமா என்று ஊரார் ஓட்டுப் போடுவதும் அந்தப் பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில்தான். ஒழுகும் கூரைக்கு அடியில் வாளிகள் வைத்திருந்தார்கள். வாசலில் மேசை போட்டு, கூரையைச் செப்பனிட ஆப்பிள் கேக் விற்றுக்கொண்டிருந்தாள் பள்ளிச் சமையல்காரி வெர்னெட்டா.

வசந்தத்தில் வீட்டு வரியைக் கூட்டக் கேட்டபோது அதைத் தோற்கடித்தவன் அவளுடைய அண்ணன் வென்டல்தான். தன்னைப் போல் ஓய்வுபெற்றவர்களையெல்லாம் திரட்டிக்கொண்டு வந்தான். "இருக்கற வீட்டக் கடிச்சா தின்ன முடியும்? சம்பாதிக்கறவன் குடுக்கட்டும்!"

சரி என்று இப்போது சம்பளத்தில் வரி கேட்டார்கள். பென்ஷனுக்கு அந்த வரி கிடையாது என்றதும் வென்டல் சிரித்துக்கொண்டே 'வேண்டும்' என்று போட்டான்.

கிடங்கில் மூட்டை தூக்கும் வெர்னெட்டாவின் மகன் டிராவிஸ் 'வேண்டாம்' என்று போட்டுவிட்டு வந்தான். "நானே வாடகை வீட்ல கெடக்கறேன்மா. சொந்த வீடு வச்சிருக்கற மாமா குடுக்கட்டுமே."

"பாவம், பிள்ளைங்களுக்காக" என்று இருவரும் ஆளுக்கொரு கேக் வாங்கித் தின்றார்கள்.

மாலையில் சம்பள வரியும் தோற்றது. அடுத்த ஆண்டு முதல் பிள்ளைகள் பக்கத்து ஊருக்குப் பஸ் ஏற வேண்டும் என்று அறிவித்துவிட்டார்கள்.

வென்டல் கவலையோடு கேட்டான்: "பள்ளிக்கூடத்த மூடிட்டா அடுத்த தடவ எங்கடி ஓட்டுப் போடறது?"

வெர்னெட்டா மேசையை மடக்கினாள்.

"உன் வீட்லயே போடலாம்ணா. ஊர்லயே ஒழுகாத கூரை அதுதான்."