மூடக்கூடாத போர்ட்

மத்தியானச் சாப்பாடு முடிந்து கண்ணிமை கனக்கிற நேரத்தில், தான் பிடித்துத் தொங்கிய கயிற்றைத் தானே அறுத்துவிட்டாள் அவள்.

வேலை சின்னதுதான். நகரத்தின் மறுகோடியில் இருக்கும் மருந்துக் கிடங்கில், கம்ப்யூட்டர்களை இணைக்கும் சுவிட்ச் பெட்டியில், யாரும் பயன்படுத்தாத போர்ட்டுகளை, அதாவது கேபிள் செருகும் துளைகளை, ஆபீஸிலிருந்தே மூட வேண்டும். மூடுவதற்கு முன் எதில் உயிர் இருக்கிறது என்று பார்க்க ஒரே ஒரு கட்டளை போதும். மகள் தூங்கிய பிறகு தினமும் நெட்வொர்க் பாடம் படித்துக் கண் எரிந்துபோனவளுக்கு அந்த ஒன்றுகூட மலையாகத் தெரிந்தது. பழைய வரைபடத்தை நம்பிக் கீழ் வரிசை முழுவதையும் மூடினாள். கிடங்கை ஆபீஸோடு இணைக்கும் மெயின் கேபிளை யாரோ எப்போதோ அந்த வரிசைக்கு மாற்றியிருந்தார்கள். திரை உறைந்து நின்றது. எந்த விசையைத் தட்டினாலும் பதில் இல்லை.

"இன்னொரு தடவை உன்னால கஸ்டமர் லைன் விழுந்துச்சுன்னா, பழையபடி போன் எடுக்கிற சீட்தான்" என்று அவளுடைய டீம் தலைவர் சொல்லியிருந்தார். ஆபீஸில் அவருக்கு ஃபயர்வால், அதாவது தடுப்புச் சுவர், என்று பெயர். லீவு கேட்ட எந்தக் கடிதமும் அவரைத் தாண்டிப் போனதில்லை.

மாற்றத்தை அவள் இன்னும் சேமிக்கவில்லை. யாராவது சுவிட்சின் பிளக்கைப் பிடுங்கிச் செருகினால், அது நடந்ததை மறந்துவிட்டுப் பழையபடி எழுந்துகொள்ளும். கிடங்கில் அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள், பில் போடும் அவள் கணவன். "வீட்டுக்கு வந்தா நீ புத்தகத்தோட பேசுற, நான் சுவரோட பேசுறேன். இந்தப் படிப்பு போதும்" என்று காலையில் அவன் சொன்னதற்குப் பதில் சொல்லாமல் கதவைச் சாத்திவிட்டு வந்திருந்தாள்.

போனை எடுத்தாள்.

"என்னங்க, அங்க லைன் இருக்கா?"

"செத்துக் கிடக்கு. பில்லுக்கு வண்டிங்க வரிசையா நிக்குது. டிரைவருங்க கண்ணாலயே கடிக்கிறாங்க. கரண்ட் பிரச்சினையா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். பொய் சொல்லக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"நான்தாங்க அணைச்சுட்டேன்."

"காலைல நான் சொன்னதுக்கு இவ்வளவு பெரிய பதிலா?"

"மாடிப்படிக்குக் கீழ இரும்பு அலமாரி இருக்கும். அதுல நிறைய கேபிள் செருகின பெட்டி ஒண்ணு. அதோட பிளக்கை மட்டும் பிடுங்கிட்டு, பத்து எண்ணிச் செருகுங்க."

அவன் வாய்விட்டு எண்ணினான். சலித்துப்போன குரல். சுவிட்ச் எழுந்திருக்கச் சில நிமிடம் ஆகும். இருவரும் போனை வைக்கவில்லை.

"முழங்கால் விண்ணு விண்ணுன்னு வலிக்குது. அட்டைப்பெட்டி மேல உக்காந்துட்டேன்."

"வலிக்குதுன்னு ராத்திரியே சொல்லியிருக்கலாம்ல?"

"யாருகிட்ட?"

திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கின. பின்னாலேயே ஃபயர்வாலின் செருப்புச் சத்தம்.

"கிடங்கு ஏன் விழுந்துச்சு?"

"பாக்காம மெயின் போர்ட்டை மூடிட்டேன் சார். பிளக்கைப் பிடுங்க வெச்சு எழுப்பிட்டேன்."

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மறுபடியும் செய். நான் பாக்கணும். இதுலயும் விழுந்தா போன் சீட்."

"என்னங்க, திரும்ப மூடப் போறேன்" என்றாள் போனில்.

"திரும்பவுமா? சரி, பிளக்கைப் பிடிச்சுக்கிட்டே இருக்கேன். நீ பண்ணு."

இந்த முறை, எதில் உயிர் இருக்கிறது என்று பார்க்கும் கட்டளையை முதலில் தட்டினாள். உயிருள்ள போர்ட்டுகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தாள். மற்றவற்றை மட்டும் மூடினாள்.

"இருக்கா?"

"இரு... பில் வருது. வருதும்மா."

சேமித்தாள். ஃபயர்வால் எழுந்தார். "போன் சீட்டுக்கு வேற ஆள் தேடணும்" என்று யாரிடமோ சொல்வதுபோல் முனகிக்கொண்டு போனார்.

அவள் நெற்றியை மேஜையில் சாய்த்துக்கொண்டாள். "இன்னைக்குப் படிக்கல. சீக்கிரம் படுத்துடலாம்."

"படி. ஆனா ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்காத, ஹால்ல உக்காந்து படி. டிவியைக் குறைச்சு வெச்சுக்கறேன்." பின்னால் ஒரு டிரைவரின் குரல் உயர்ந்தது. "இதோ வந்துட்டேன்யா. வைக்கிறேன்மா."