மூன்றாம் முறை வந்த வலி

எனக்கு மூன்று பிள்ளைகள். பிரசவ வலியைப் பற்றி என்னை மிஞ்சி யாருக்குத் தெரியும் என்ற திமிர் எனக்கு இருந்தது. தம்பி ஹயாத்து முகம்மதின் பெண்சாதி றுஷ்னாவுக்கு இதுதான் தலைப்பிள்ளை. எட்டு மாதம் முடிந்ததிலிருந்து அவளுக்கு இடுப்பு வலி. இரண்டு முறை அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு முறையும் திருப்பி அனுப்பினார்கள். இடுப்பெலும்பு மூட்டு நோவு, புரண்டால் நடந்தால் கூடும், படுத்திருந்தால் குறையும் என்று மிட்வைஃப் மிஸ் விளக்கினார். அதற்குப் பிறகும் ஏதோ சொன்னார். நான் அப்போது வீடு திரும்ப த்ரீவீலர் தேடிக்கொண்டிருந்தேன்.

அதனால் அன்று காலை, தம்பி கடலுக்குப் போயிருந்த நேரம், அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

“மதினி, முதுகுக்குள்ளால நோகுது.”

“திரும்பவுமா? மூணாவது முறையும் போய் நிண்டா நர்ஸ்மாரு சிரிப்பாங்க. போய்ப் படு புள்ள.”

எதிர்த்துப் பேசத் தெரியாத பிள்ளை, போய்ப் படுத்தாள். சும்மா கிடக்காமல் நபி மேல் ஸலவாத்து ஓதட்டும் என்று, எண்ணி ஓதும் என் தஸ்பீஹ் மணிமாலையைக் கையில் கொடுத்துவிட்டு மீன் கழுவப் போனேன்.

சமையலையும் முடித்து, மூன்று மணித்தியாலம் கழித்து எட்டிப் பார்த்தேன். மணி உருட்டிய விரல்கள் சட்டென்று நின்றன. கண்களை இறுக மூடினாள். கொஞ்ச நேரத்தில் விரல்கள் மறுபடி ஓடின.

“என்ன புள்ள, நிப்பாட்டி நிப்பாட்டி ஓதுறாய்?”

“வலி வரக்குள்ள ஓத ஏலாம ஈக்குது மதினி. முதல்ல மூணு சுத்து முடிஞ்சாத்தான் வந்திச்சி. பொறவு ரெண்டு. இப்ப ஒரு சுத்து முடிய முந்தியே வருது. படுத்துக் கிடந்தும் குறையல்ல.”

மூட்டு நோவு இப்படி நேரம் பார்த்து வருமா? அவள் வயிற்றில் கை வைத்தேன். கல்லாக இறுகி, பிறகு மெல்ல இளகியது. நான் மூன்று முறை பட்ட அதே வலி. அதைத்தான் படுத்தால் போய்விடும் என்று சொல்லியிருந்தேன்.

பக்கத்து வீட்டு நுஸ்கியின் த்ரீவீலரில் ஏற்றும்போதே பன்னீர்க்குடம் உடைந்தது. ஆஸ்பத்திரி வாசலில் திரும்பும்போது பிள்ளையின் தலை என் உள்ளங்கையில் இருந்தது. தாதி ஓடி வந்து பிள்ளையை எடுத்தார். அது நீலம் பாரித்துக் கிடந்தது, அழவில்லை. முதுகைத் தேய்த்தார்கள். யா அல்லாஹ், நான் செய்த குற்றத்துக்கு இந்தப் பிள்ளையைத் தண்டிக்காதே என்று மன்றாடினேன். கடைசியில் மெல்லிய கீச்சுக் குரல் ஒன்று வந்தது.

பிறகு வார்டில் தாதி கேட்டார். “இவ்வளவு நேரம் ஏன் வீட்டில வச்சிருந்தீங்க?”

நான் வாயைத் திறக்குமுன் றுஷ்னா முந்திக்கொண்டாள். “எனக்குத்தான் வலி விளங்கல்ல மிஸ். மதினிக்கிட்ட நான் சொல்லவே இல்ல.”

திடுக்கிட்டு அவளைப் பார்த்தேன். அவள் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

“பொய் மிஸ்,” என்றேன். “அவ விடியவே சொன்னா. நான்தான் படுக்கச் சொன்ன.”