வயிற்றுச்சேலைத் தோரணம்

குமுத் கையில் எதைக் கொடுத்தாலும் அது கொடுத்தபடி இருக்காது. உடைந்த வளையலைக் கொடுத்தால் கம்பளி நூலைச் சுற்றிச் சுவரில் தொங்கவிடுவாள். பழைய கல்யாணப் பத்திரிகைகளை மடித்துக் கூடை முடைவாள். எரிந்த தீக்குச்சிகளை அட்டையில் ஒட்டி ஒரு குடிசையும் இரண்டு தென்னை மரமும் செய்து கூடத்தில் மாட்டியிருந்தாள். மராட்டியத்துச் சாத்தாராவில் தென்னை ஏது என்று யாரும் கேட்கவில்லை. நடுவில் முற்றமும் சுற்றிலும் குடித்தனங்களுமாக இருந்த அந்தப் பழைய வாடாவில் அவளைக் கேலி செய்யாத பெண் கிடையாது. எதிர்வீட்டு ஷாலு அக்காவுக்கு அதில் முதலிடம்.

"வசந்தராவ், ரொம்ப நேரம் அசையாம உக்காராதீங்க. உங்க பொண்டாட்டி உங்க மேலயும் ஜிகினா ஒட்டி மாடத்துல வெச்சிடப் போறா!"

வசந்தராவ் சிரித்துக்கொண்டு செய்தித்தாளுக்குள் போய்விடுவார். அவருக்குத் தெரிந்த உலகமே அந்தச் செய்தித்தாள் அளவுதான்.

கையில் இல்லாதவள் அழகுக்கு ஆசைப்பட்டால் குப்பையைத்தான் தொட வேண்டும். அதில் என்ன தப்பு? ஒன்றுமில்லை. ஆனால் மகள் ஹேமாவின் தலைத் தீபாவளிக்காக அந்த வருஷம் அவள் கத்தரிக்கோலை வைத்தது குப்பையில் இல்லை. வயிற்றுச்சேலையில்.

கல்யாணத்தன்று பெண்ணைப் பெற்றவளுக்கு மாப்பிள்ளை வீட்டார் ஒரு சேலை கொடுப்பார்கள். பத்து மாதம் சுமந்து பெற்றதை எங்களுக்குக் கொடுத்துவிட்டாயே, வெறுமையாகிவிட்ட அந்த வயிற்றை இதைக்கொண்டு மூடிக்கொள் என்று அதற்கு அர்த்தம். மற்ற சீரெல்லாம் முன்னே பின்னே இருந்தாலும் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். வயிற்றுச்சேலையில் குறை வைக்க எந்த வீட்டிலும் துணிய மாட்டார்கள். ஹேமாவின் மாமியார் பிரமிளாபாயும் சபை நடுவில், தேங்காய் வைத்து, கத்தரிப்பூ நிறத்தில் மாம்பழ மஞ்சள் கரை போட்ட சேலையை, கரை வெளியே தெரியும்படி மடித்துக் கொடுத்தாள். எல்லாரும் கரையைப் பார்த்தார்கள், பாராட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து பிரித்தபோதுதான் குமுத்துக்கு உள்ளே இருந்தது தெரிந்தது. நடுவில் இஸ்திரிப் பெட்டி வைத்து மறந்த இடத்தில் அப்படியே கருகி ஓட்டை. ஓரத்தில் மஞ்சள் கறை. யாரோ பலமுறை உடுத்திக் கழித்த சேலை. கருகிய அந்த இடத்தில் கையை வைத்தபடி குமுத் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். என் வயிற்றுக்கு இவ்வளவுதானா மதிப்பு என்று கண்ணீர் வந்தது. ஆனாலும் கணவரிடம் சொல்லவில்லை. வாடாவில் மூச்சே விடவில்லை. சொன்னால் மானம் யாருக்குப் போகும்? கொடுத்தவளுக்கா? வாங்கியவளுக்குத்தான் போகும். ஊர் அப்படி.

ஆவணியில் நாக பஞ்சமிக்கு ஹேமா பிறந்த வீடு வந்தபோது பெட்டியைக் கிளறி அவளே அதைக் கண்டுபிடித்தாள்.

"அம்மா, அந்த வீடே இப்படித்தாம்மா. வெளியில கரை, உள்ள ஓட்டை. சோத்துப் பானைக்குப் பூட்டு. அவர் வேலைக்குப் போனா பூட்டுவாங்க, அவர் வந்தாத் திறப்பாங்க."

"பொறுத்துக்கோடி. முதல் வருஷம் எல்லா வீட்லயும் அப்படித்தான்" என்றாள் குமுத். வேறென்ன சொல்ல அவளுக்குத் தெரியும்?

தீபாவளி வந்தது. மாப்பிள்ளை வருகிறார், கூடம் பொலிவாக இருக்க வேண்டும், புதிதாக வாங்கவோ வழியில்லை. உடுத்த முடியாத சேலை பெட்டியில் கிடந்து என்ன செய்யப்போகிறது என்று குமுத் அதை எடுத்தாள். மூங்கில் சிம்பு கட்டி, காற்றாடிக் காகிதத்துக்குப் பதில் அந்தத் துணியைப் போர்த்தி, வாசலில் தொங்கவிடக் கந்தீல் விளக்கு செய்தாள். மாம்பழக் கரையை வெட்டிச் சிறு கிளிகளாகத் தைத்து, பஞ்சு அடைத்து, நிலைக்குத் தோரணம் கட்டினாள். மிச்சத்தில் தலையணை உறைகளும், தகரப் பெட்டியின் மேல் விரிக்க ஒரு விரிப்பும் தைத்தாள். கருகிய துண்டை வெந்நீர் அடுப்பில் போட்டாள். அது எரிந்து முடிந்தபோது, நெஞ்சில் இருந்த ஒரு முள்ளும் எரிந்துவிட்டதாகவே நினைத்தாள். மாப்பிள்ளை அவினாஷுக்குச் சேலை அடையாளமா தெரியப்போகிறது? தலைத் தீபாவளிக்குச் சம்பந்தி அம்மாள் கூட வருகிற வழக்கம் எங்கேயும் இல்லை.

ஆனால் வந்தாள். குதிரை வண்டியிலிருந்து முதலில் இறங்கியதே பிரமிளாபாய்தான்.

"என்ன சம்பந்தியம்மா, அப்படிப் பாக்குறீங்க? கூப்பிடாம வந்துட்டேன்னா? எம்புள்ளைய விட்டுட்டுத் தீபாவளிச் சோறு எனக்கு இறங்காது!"

"ஐயோ, என்ன பேச்சு இது, வாங்க, வாங்க" என்றாள் குமுத்.

பிரமிளாபாய் நிலைக்குக் கீழே ஒரு கணம் நின்றாள். தோரணத்துக் கிளி ஒன்றை விரலால் உருட்டிப் பார்த்தாள். புன்னகைத்தாள். உள்ளே போய் உட்கார்ந்தாள்.

ஹேமா நேரே அடுப்பங்கரைக்கு வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். அவள் கைகளில் எலும்புதான் இருந்தது.

"அம்மா, நேரமில்ல, கேளு. அவருக்குப் புனேவுக்கு மாத்தலாகியிருக்கு. என்னையும் கூட்டிட்டுப் போங்கன்னு அழுதேன். அதுக்கு அவரு, 'எங்கம்மா சோத்தப் பூட்டுறாங்கன்னு நீ சொல்ற, அம்மா இல்லைங்கறாங்க, நான் யாரை நம்புறது, கண்ணால பாக்குற மாதிரி ஒண்ணே ஒண்ணு காட்டு, கூட்டிட்டுப் போறேன்'னு சொன்னாரு. அந்தச் சேலையக் காட்டுறேன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்திருக்கேன். அது எங்க, அம்மா?"

குமுத் கூடத்துப் பக்கம் பார்த்தாள். ஹேமாவும் பார்த்தாள். கிளிகள், தலையணை, விரிப்பு.

"ஓட்டை?" என்றாள் ஹேமா மெல்ல. "ஓட்டை விழுந்த துண்டு எங்க?"

"எரிச்சுட்டேன்டி."

ஹேமா தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். குமுத்துக்கு அவளைத் தொடவும் தைரியம் வரவில்லை.

அதற்குள் மாப்பிள்ளையைப் பார்க்க வாடாவின் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். முறுக்கும் சோமாசியும் தட்டுகளில் வந்தன. ஷாலு அக்கா தோரணத்தைப் பார்த்து, "அடி குமுத், இந்தத் தடவ எங்களையெல்லாம் கொன்னுட்டடி! துணி பட்டு மாதிரி இருக்கே!" என்றாள்.

"நானும் அதைத்தான் கேக்கணும்னு இருந்தேன்" என்றாள் பிரமிளாபாய், சோமாசியின் ஓரத்தைக் கடித்தபடி. "இந்தத் துணி எங்க வாங்குனீங்க சம்பந்தியம்மா?"

"அது... துண்டுத் துணி. கடைவீதியில."

"எந்தக் கடை?"

"பவானி பேட்டையில ஒரு கடை..."

"பேரு ஞாபகம் இல்லையா? பரவால்ல. இந்தக் கரை அங்க கிடைக்குதா? கிடைக்காதே. எங்க ஊரு கராட்ல நெசவுக்காரன்கிட்ட நானே சொல்லிப் போட்ட கரையாச்சே."

ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொரு பொய் வேண்டும். குமுத் அதற்குப் பதில் முறுக்குத் தட்டை நீட்டினாள். பிரமிளாபாய் தலையணையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு குழந்தையைத் தடவுவது போலத் தடவினாள். பிறகு மகன் பக்கம் திரும்பினாள். சொல்லி வைத்தாற்போலக் கண்ணில் நீர் நின்றது.

"அவி, இது என்னன்னு தெரியுதா? சபையில உன் மாமியாருக்கு நான் கொடுத்த வயிற்றுச்சேலைடா. என் கையால கொடுத்த மரியாதை. கத்தரிக்கோலால கண்டதுண்டமா வெட்டி, நாலு பேர் மிதிக்கிற வாசல்ல கட்டியிருக்காங்க. சாஞ்சு உக்காரத் தலையணை தச்சிருக்காங்க!"

வாசலில் பெண்கள் "ஆ!" என்றார்கள். ஷாலு அக்கா தொட்டிருந்த கிளியைச் சட்டென்று விட்டாள். வயிற்றுச்சேலையை வெட்டுவதா? கிழிந்து நூலானாலும் பெட்டியில் வைத்துச் சாகிறவரை காப்பாற்றுகிற பெண்கள் அவர்கள். வசந்தராவ் எழுந்து நின்று, "குமுத், என்ன இது?" என்றார். அவருக்கு உண்மையிலேயே எதுவும் தெரியாது.

அடுப்பங்கரையிலிருந்து ஹேமா வெளியே வந்தாள்.

"அந்தச் சேலையில ஓட்டை இருந்துச்சு" என்றாள். குரல் உடைந்தாலும் சொல் உடையவில்லை. "இஸ்திரிப் பெட்டி பட்டுக் கருகின ஓட்டை. பழைய சேலை. உடுத்தி அழுக்காக்கின சேலை. நான் என் கண்ணால பாத்தேன். அம்மா அவமானத்துக்குப் பயந்து மறைச்சாங்க. உடுத்த முடியாமத்தான் வெட்டுனாங்க. இதுதாங்க நான் உங்களுக்குக் காட்டணும்னு சொன்னது."

அவினாஷ் எழுந்தான். நல்ல பையன்தான். நல்லவனாக இருந்து என்ன, யாராவது கையைப் பிடித்துக் காட்டினால்தான் அவனுக்குக் கண் தெரியும். நேராகக் குமுத்தின் முன்னால் வந்து நின்றான்.

"அத்தை, நீங்க சொல்லுங்க. வேற யாரும் பேச வேண்டாம். நீங்க சொன்னா நான் நம்புறேன். ஓட்டை இருந்துச்சா?"

இவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஆமாம் என்று ஒரு சொல். ஹேமா அம்மாவின் வாயையே பார்த்தாள்.

"இரு அவி" என்றாள் பிரமிளாபாய். இப்போது கண்ணீர் இல்லை. "ஓட்டை இருந்துச்சுன்னு அவங்க சொல்லட்டும். நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா அப்படிச் சொன்னா நான் சபையில கிழிசல் கொடுத்த வேஷக்காரின்னு ஆகுது. அப்படிப்பட்டவ வீட்டுக்கு எதுக்கு அவங்க பொண்ணு? இங்கயே இருக்கட்டும். வண்டிக்காரன் இன்னும் போகல. நாம ரெண்டு பேரும் கிளம்பலாம். சொல்லுங்க சம்பந்தியம்மா, இருந்துச்சா?"

குமுத் வாசலைப் பார்த்தாள். அத்தனை முகங்கள். தலைத் தீபாவளியன்று புருஷன் விட்டுவிட்டுப் போன பெண் என்று நாளைக்குக் குழாயடியில் பேசப்போகிற வாய்கள். கணவரைப் பார்த்தாள். அவர் வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். எது வேண்டாம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. மகள் வாழாவெட்டியாக இந்தக் கூடத்து மூலையில் உட்கார்ந்திருப்பது குமுத்தின் கண்ணில் தெரிந்தது. பூட்டின சோற்றுப் பானை தெரியவில்லை. பயந்தவள் கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் தெரியும்.

"ஓட்டை இல்ல மாப்பிள்ள" என்றாள். "நல்ல சேலை. புதுச் சேலை. என் புத்திதான் கெட்டுப்போச்சு. அழகா இருக்கேன்னு வெட்டிட்டேன்."

"அம்மா!"

"நீ சும்மா இருடி!" என்று மகள்மேல் பாய்ந்தாள் குமுத். பொய் சொன்ன வெட்கம் கோபமாகக் கிளம்பியது. "இவ சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான் மாப்பிள்ள. இல்லாததக் கட்டிச் சொல்லுவா. மனசுல வெச்சுக்காதீங்க. பெரியவங்க கால்ல விழுடி, விழு!"

ஹேமா விழுந்தாள். பிரமிளாபாய் அவளைத் தோளைப் பிடித்து எழுப்பி, தலையைத் தடவி, "போகட்டும், குழந்தை" என்றாள். வாசலில் பெண்கள் உருகிப்போனார்கள். என்ன பெரிய மனசு என்று ஷாலு அக்கா மூக்கைச் சிந்தினாள்.

அவினாஷ் மனைவியைப் பார்த்தான். பரிதாபமும் இல்லை, கோபமும் இல்லை. கணக்கு முடிந்துவிட்டது போல ஒரு பார்வை.

"பெத்த தாயே சொல்றாங்க ஹேமா" என்றான். "இனிமே என்ன சொன்னாலும் நான் எப்படி நம்புறது?" பிறகு அம்மாவிடம் திரும்பி, "புனேவுக்கு நான் மட்டும் போறேம்மா. இவ உங்ககிட்டயே இருக்கட்டும். பழகட்டும்" என்றான்.

புனே என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் தான் செய்தது என்ன என்று குமுத்துக்கு உறைத்தது. பெண்ணின் குடித்தனத்தைக் காப்பாற்றுகிறேன் என்று பெண்ணையே கிணற்றில் தள்ளியிருந்தாள்.

அவமானப்பட்ட வீட்டில் தங்க மாட்டேன் என்று பிரமிளாபாய் அன்று மாலையே கிளம்பினாள். கிளம்பும்போது குமுத், புகுந்த வீடு போகிறவளுக்குச் செய்கிற வழக்கப்படி, மகளின் முந்தானையில் அரிசியும் தேங்காயும் போட்டாள். ஹேமா முந்தானையை ஏந்தினாள், வாங்கினாள், முடிந்துகொண்டாள். முகத்தை நிமிர்த்தவில்லை. அவளை முன்னே போகவிட்டு, பிரமிளாபாய் குமுத்தின் காதருகில் குனிந்தாள்.

"கைவேலை நிஜமாவே அழகா இருக்கு சம்பந்தியம்மா. என்கிட்ட ஓட்டை விழுந்த சேலை இன்னும் நிறையக் கிடக்கு. அனுப்பி வைக்கட்டுமா?"

சொல்லிவிட்டு வாடாப் பெண்களுக்குக் கைகூப்பிக்கொண்டே நடந்தாள்.

குமுத் கையிலிருந்த அரிசித் தட்டைக் கீழே வைத்தாள். பிறகு ஓடினாள். முற்றத்தில் போட்டிருந்த கோலத்தை மிதித்துக்கொண்டு, தலையிலிருந்து முந்தானை நழுவ, வாடாவின் பெரிய வாசல்வரை ஓடினாள். அவினாஷ் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"மாப்பிள்ள! இருந்துச்சு! ஓட்டை இருந்துச்சு! கருகி இருந்துச்சு! பயத்துல பொய் சொல்லிட்டேன், மாப்பிள்ள, என் பொண்ணு சொன்னதுதான் நிஜம். இப்பக்கூட உங்கம்மாவே என்கிட்ட..."

அவன் பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பி நின்றான். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். வண்டியில் உட்கார்ந்திருந்த பிரமிளாபாய் மருமகளைப் பார்த்தாள்.

"ஹேமா" என்றான் அவினாஷ். "உங்கம்மா என்ன சொல்றாங்க?"

ஹேமா மாமியாருக்குப் பக்கத்தில், முந்தானை முடிச்சை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அம்மாவை ஒருமுறை பார்த்தாள்.

"ஓட்டை எதுவும் இல்லைங்க" என்றாள். "நல்ல சேலை. அம்மா இப்படித்தான், இல்லாததக் கட்டிச் சொல்லுவாங்க. ஏறுங்க, நேரமாகுது."