புஷ்பக்கின் இடது இருக்கை

கோத்தகிரியிலிருந்து கீழ் கோத்தகிரி போகும் சாலையில், மூடிக்கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையைப் பழைய விமானங்களின் காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள் என்று சில்வஸ்டர் செய்தித்தாளில் படித்தார். குன்னூரில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இயந்திரம் என்று எதைக் கண்டாலும் குனிந்து அதன் அடிப்பக்கத்தைப் பார்க்கிற மனிதர்.

"ஏரோப்ளேனுங்களா?" என்று கேட்டாள் ஜெஸிந்தா.

"உனக்கு வேண்டாம்னா விடு. நான் மட்டும் போய்ப் பார்த்துட்டு வந்தர்றேன்."

"இல்லீங்க. நானும் வர்றேன்."

அவள் தயங்கியதன் காரணம் அவருக்குத் தெரியும். ஜெஸிந்தாவின் முதல் கணவன் பெனிஸ் விமானி. கோவையில் ஒரு பயிற்சி மையத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். 1991ஆம் வருஷத்து மழைக்காலத்தில், பழுது பார்த்து முடித்த ஒரு சின்ன விமானத்தைச் சோதித்துப் பார்க்கத் தனியாகக் கிளம்பினான். ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்க வேண்டியவன், மலைக்கு ஏறி வந்தான். கீழ் கோத்தகிரிக்குக் கீழே, மேகம் மூடிய ஒரு சோலைக்குள் போய் மோதினான். ஜெஸிந்தா அன்று அதே சரிவில், எஸ்டேட் கிளார்க்காக இருந்த தன் அப்பாவின் வீட்டில்தான் இருந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அடக்கம் முடிந்ததும் கல்லறைத் தோட்டத்தில், எல்லோர் முன்னாலும் பெனிஸின் அம்மா கேட்டாள்: "உன்னைப் பாக்கத்தானேடி அவன் மேல வந்தான்?"

ஜெஸிந்தா பதில் சொல்லவில்லை. சில வருஷம் கழித்து சில்வஸ்டர் அவளைக் கட்டிக்கொண்டார். ஆஷ்லி பிறந்தாள், படித்தாள், பெங்களூரில் வேலைக்குப் போனாள். நல்ல வாழ்க்கைதான் அது. ஜெஸிந்தாவை யாராவது கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

காட்சியகத்தை நடத்துகிறவர் ஜஸ்டஸ். விமானப்படையில் பொறியாளராக இருந்தவர். வாசலில் சீட்டுக் கொடுத்தது அவர் மனைவி ரோஸ்மேரி. தேயிலை வாட்டிய நீளமான கூடங்களில் தடுப்புகளை எடுத்துவிட்டு விமானங்களை நிறுத்தியிருந்தார்கள். என்ஜின் இல்லாத ஒரு போர் விமானம், இரட்டை இறக்கை வைத்த பயிற்சி விமானம், தகரத்தில் தைத்துப் போட்டதுபோல ஒரு கிளைடர். எல்லாவற்றுக்கும் புது வர்ணம். ஆனாலும் காற்றில் தேயிலைத் தூளின் வாசனை போகவில்லை.

கடைசிக் கூடத்தில் ஒரே ஒரு விமானம் தனியாக நின்றது. மஞ்சளும் வெள்ளையுமாக, தலைக்கு மேலே இறக்கை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை. முன்னால் இருந்த பலகையை சில்வஸ்டர் வழக்கம்போலச் சத்தமாகப் படித்தார்.

"புஷ்பக். உடைந்த பாகங்களிலிருந்து மீட்டெடுக்கப்பட்டது. 1991இல் கீழ் கோத்தகிரி அருகே விபத்து. உயிரிழந்தவர், விமானி பெ..."

அத்துடன் நிறுத்திக்கொண்டார். மிச்சத்தை ஜெஸிந்தா படித்தாள்.

"போயிரலாம், வா," என்றார் அவர்.

"இருங்க," என்றாள். அவள் கை அதற்குள் இறக்கையைத் தாங்கும் கம்பியின்மேல் இருந்தது. ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது கம்பி.

ஜஸ்டஸ் வந்தபோது, இவர்கள் யார் என்று சில்வஸ்டரே சொன்னார். ஜஸ்டஸ் இறக்கையின் துணியைத் தட்டிக் காட்டினார்.

"பழைய சாமானா ஒரு ஷெட்ல கெடந்துச்சுங்க. துணி, மரம் எல்லாம் புதுசாப் போட்டது. எலும்புக்கூடு மட்டும் பழசு." அந்த வார்த்தையைச் சொன்னதற்காக அவரே சங்கடப்பட்டார். "மத்த விமானத்துல எல்லாம் ஆளுகளை ஏத்தி உட்கார வெப்போம். இதுல மட்டும் விடறதில்லை."

"ஏனுங்க?" என்றாள் ஜெஸிந்தா.

"காலைல வந்து தொறந்தா எடது சீட்டு நனைஞ்சு கெடக்கும். கூரையப் பிரிச்சுப் பார்த்துட்டேன், ஒழுகலை. மெத்தைய மாத்திப் பார்த்தேன். அப்பவும் அப்படித்தான். ஆனா, நீங்க வேணா உட்கார்ந்து பாருங்கம்மா. உங்களுக்கு இல்லாத பாத்தியதையா?"

ஜெஸிந்தா தலையை ஆட்டி மறுத்தாள். "நான் ஏறிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டது சில்வஸ்டர். ஏன் கேட்டார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. இத்தனை வருஷம் தன் வீட்டில் பெயர் சொல்லாமலே இருந்த ஒரு மனிதன் உட்கார்ந்த இடம் அது.

இடது இருக்கையில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். அந்நேரம் வாசலில் வேறு ஆட்கள் வந்ததால் ரோஸ்மேரி கூப்பிட, ஜஸ்டஸ் போய்விட்டார். திறந்திருந்த பெரிய கதவு வழியாக மேகம் கூடத்துக்குள் வந்தது. ஜெஸிந்தா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். சில்வஸ்டர் விமானம் ஓட்டும் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். கூப்பிட்டாள், திரும்பவில்லை. கண்ணாடியைத் தட்டினாள். மறுபடி தட்டினாள்.

கதவைத் திறந்து இறங்கினார். இறங்கும்போது, தினம் ஏறி இறங்குகிறவன்போல, பார்க்காமலே காலை மிதிகம்பியில் வைத்தார்.

"மெதுவாச் சாத்து, சிட்டு. கொண்டி சரியாப் புடிக்காது," என்றார்.

சிட்டு என்று அவளைக் கூப்பிட்டவன் உலகத்தில் ஒருவன்தான். அதுவும் ஆள் இருக்கும்போது கூப்பிடமாட்டான்.

"என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?" சில்வஸ்டர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். "ஒண்ணும் சொல்லலையே. உள்ளே சரியான குளிரு. வா, போகலாம்."

வீட்டுக்குத் திரும்ப வேண்டியவர் காரைக் கீழ் கோத்தகிரிப் பக்கம் திருப்பினார். சரிவில் ஒரு வளைவில் நிறுத்தி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே காலியாகக் கிடந்த ஓர் இடத்தையே பார்த்தார்.

"மஞ்ச ஊட்டக் காணோமே," என்றார்.

அங்கேதான் அவள் அப்பாவின் எஸ்டேட் வீடு இருந்தது. மஞ்சள் சுண்ணாம்பு அடித்த வீடு. சில்வஸ்டர் அவளைக் கல்யாணம் செய்யும் முன்பே அதை இடித்துவிட்டார்கள். அவர் அதைப் பார்த்ததே கிடையாது.

அன்றைக்கே அவள் சொல்லியிருக்கலாம். பங்குச் சாமியாரைக் கூப்பிட்டிருக்கலாம், ஆஷ்லியை வரச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சாயங்காலம் மேகம் தோட்டத்தில் இறங்கியதும் சில்வஸ்டர் சமையலறை வாசலில் வந்து நின்றார். டீயில் சர்க்கரை கேட்டார். சர்க்கரை வியாதி வந்து பல வருஷமாக வெறும் டீ குடிக்கிறவர், மூன்று கரண்டி போடச் சொல்லி, தட்டில் ஊற்றி, ஊதி ஊதிக் குடித்தார். பெனிஸ் அப்படித்தான் குடிப்பான். குடித்து முடித்து, "நல்லாருக்கு, சிட்டு," என்றார். மேகம் விலகியதும் தட்டைப் பார்த்து முகம் சுளித்து, "இதுல யார் சர்க்கரை போட்டா?" என்றார்.

மறுநாளும் வந்தான். அதற்கடுத்த நாளும். ஜெஸிந்தா சர்க்கரை டப்பாவைக் கைக்கெட்டும் இடத்தில் எடுத்து வைத்தாள். மேகம் இறங்கும் நேரம் பார்த்து முகம் கழுவிப் புடவை மாற்றினாள். வெயில் அடித்த ஒரு நாள் அவளுக்கு எரிச்சலாக வந்தது. பாத்திரங்களை ஓசைப்பட வைத்தாள். பகலெல்லாம் சில்வஸ்டர் இருமினார். கால் ஈரமாக இருப்பதாகச் சொல்லிச் சொல்லிக் காலுறையை மாற்றினார். காலுறை காய்ந்துதான் இருந்தது. கால் மட்டும் ஊறிப்போனதுபோல வெளுத்துச் சுருங்கியிருந்தது.

ஒரு நாள் அவள் கேட்டுவிட்டாள். இத்தனை வருஷமும் அவள் நெஞ்சில் கிடந்த கேள்வி.

"அன்னைக்கு எதுக்கு மேல வந்தீங்க?"

சில்வஸ்டரின் முகம் சிரித்தது. அவருடைய சிரிப்பு அல்ல அது. "உன்னைப் பாக்கத்தான். மேல நல்ல வெயிலு. கொஞ்சம் எறங்கினா ஊடு தெரியும்னு நெனச்சேன்."

"தெரிஞ்சுதா?"

"இல்லை, சிட்டு. இன்னும் கொஞ்சம் எறங்கினேன்."

அப்போது மேசைமேல் இருந்த போன் அடித்தது. ஆஷ்லி. ஜெஸிந்தா எடுத்துப் பேசிவிட்டு, பழக்கத்தில் போனை அவரிடம் நீட்டினாள். "ஆஷ்லி பேசறா."

"யாரது?" என்றார்.

"அப்பா? அப்பா, கேக்குதா?" என்றது போன்.

"யாரு புள்ள இது?" என்று ஜெஸிந்தாவிடம் கேட்டார் அவர். விளையாட்டில்லை. கண்ணில் அடையாளமே இல்லை. ஜெஸிந்தா போனைப் பிடுங்கி, சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்தாள். பிறக்கும்போதே நெஞ்சுச் சளியோடு பிறந்த பிள்ளையை விடிய விடியத் தோளில் போட்டு நடந்தவர் இந்த மனுஷன். அவரை நானே கரண்டி கரண்டியாகக் கரைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலை, பக்கத்து வீட்டு சுசீலாவை அவரோடு இருக்கச் சொல்லிவிட்டு, பஸ் மாறி காட்சியகத்துக்குப் போனாள். அவள் முகத்தைப் பார்த்த ரோஸ்மேரி சீட்டுக் கேட்கவில்லை.

"கூட வரட்டுங்களா?"

"வேண்டாமுங்க. யாரும் வராமப் பாத்துக்கங்க."

வலது பக்கமாக ஏறி, விமானியின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். முட்டி வலியில் ஏறுவதே சிரமமாக இருந்தது. இடது இருக்கை காலியாக இருந்தது. மெத்தையின் நடுவில் மட்டும், ஆள் உட்கார்ந்தால் அமுங்குவதுபோல் அமுங்கி, ஈரமாக இருந்தது.

என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். ஒன்றும் நினைவில் இல்லை. முக்காட்டை எடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினாள்.

"என்னைப் பாக்கத்தானே வந்தீங்க? பாருங்க. நல்லாப் பாத்துக்கங்க."

மெத்தை அசையவில்லை.

"முடியெல்லாம் நரைச்சுப் போச்சு. பல்லு ரெண்டு கட்டினது. நீங்க பாக்க வந்த புள்ள இது இல்லீங்க. அவ அந்த மஞ்ச ஊட்டோட போயிட்டா."மெத்தைப் பக்கம் இன்னும் கொஞ்சம் குனிந்தாள். "உங்கம்மா என்னைக் கேட்டாங்க. நான் பதில் சொல்லலை. என்னைப் பாக்க வந்தாருன்னா எனக்குச் சந்தோசம்தான்னு, அப்ப எப்படிச் சொல்றது? இப்பச் சொல்றேன். சந்தோசம்தான். போதுமுங்க. இவரு என் புருஷன். ஆஷ்லிக்கு அப்பா. இவர விட்டுருங்க. நீங்க போங்க."

வெளியே எங்கோ ரோஸ்மேரி யாரிடமோ பேசும் குரல் கேட்டது. ஜெஸிந்தா கையை நீட்டி அந்த ஈர மெத்தைமேல் வைத்தாள். விரலெல்லாம் மரத்தது. எடுக்கவில்லை. சிறிது நேரத்தில் உள்ளங்கைக்குக் கீழே மெத்தை மெல்ல எழுந்தது. பக்கத்தில் இருந்த ஒருவர் எழுந்துகொள்ளும்போது எழுவதுபோல. இடது கதவின் கொண்டி தானாக விலகியது. கதவு வெளிப்பக்கம் திறந்து, அப்படியே நின்றது.

அவள் மெதுவாக இறங்கிச் சுற்றிப் போய், அந்தக் கதவைச் சாத்தினாள். ஜஸ்டஸ் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, மெத்தையைத் தொட்டார்.

"காஞ்சிருக்குதே," என்றார். அவள் பஸ்ஸுக்கு நடந்தாள்.

வீட்டு வாசலிலேயே சில்வஸ்டரின் சத்தம் கேட்டது. போனில் ஆஷ்லியைத் திட்டிக்கொண்டிருந்தார், வேளைக்குச் சாப்பிடுவதில்லை என்று. ஜெஸிந்தா செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். அடக்க முடியவில்லை. அவர் போனை வைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். சுசீலா நிலைமையைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள்.

"அந்த ஏரோப்ளேனைப் பாக்கப் போனியா?"

"ம்."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாம்." கொஞ்ச நேரம் தன் காலைப் பார்த்தார். வெளுப்பும் சுருக்கமும் போய்க் கால் பழையபடி ஆகியிருந்தது. பிறகு, கடைக்குப் போய் என்ன வாங்கணும் என்று கேட்கிற குரலில் கேட்டார். "அவரு எப்படி இருப்பாரு? நான் கேட்டதே இல்லை. கேக்கக் கூடாதுன்னு இருந்துட்டேன். சொல்லேன்."

ஜெஸிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்படி ஒருவர் கேட்க வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருப்பாள்.

"நல்ல ஒசரம்," என்று ஆரம்பித்தாள். "உங்களைவிட ஒசரம். கோவம் சட்டுனு வந்துரும். சிரிச்சா..."

நின்றுவிட்டாள். ஜன்னல் பக்கம் பார்த்தாள். தோட்டத்தில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. மேகம், மேகமாக மட்டும் இருந்தது.

"சிரிச்சா?" என்றார் சில்வஸ்டர்.

"இருங்க, சொல்றேன்," என்றாள் ஜெஸிந்தா. நேற்றுவரை கண்ணை மூடினால் முன்னால் வந்து நின்ற முகத்தை எங்கெங்கோ தேடினாள். அதன் மூக்கும் கிடைக்கவில்லை, கண்ணும் கிடைக்கவில்லை. சில்வஸ்டர் அவசரப்படாமல் காத்திருந்தார்.