நிமிர்ந்து நின்ற கல்

கோலா தெர்லா தேயிலைச் சரிவில் பாறை மடிப்புகள் எல்லாம் கிழக்கே சாய்ந்திருக்க, ஒரே ஒரு கல்லில் மட்டும் அவை செங்குத்தாக நின்றன. இந்த மலை இரண்டாம் முறையும் நெரிபட்டதற்கு அதுவே சாட்சி என்று பாறை ஆய்வாளர் ரூபினி முடிவு கட்டியிருந்தாள். அதன் இடுக்கில் சிவப்பு வேறு தெரிந்தது. ஆழத்தில் வெந்த பாறையில் விளையும் மணிக்கற்களாகத்தான் இருக்க வேண்டும். உடைத்துப் பார்க்கச் சுத்தியலை ஓங்கினாள்.

லோரி ஓட்டிவந்த சிங்காரத்தின் முகம் வெளிறியது. “அடிக்கத்தான் போறீங்கன்னா சப்பாத்தக் கழட்டிட்டு அடிங்கம்மா,” என்றார்.

அவள் கை அந்தரத்தில் நின்றது. மெல்லக் குனிந்து சிவப்பைத் தொட்டாள். விரலில் ஒட்டியது.

குங்குமம். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவளுக்கு அதுகூடவா தெரியவில்லை?

அவளுடைய ஆய்வு முழுவதையும் தாங்கி நின்ற கல்லை நிமிர்த்தி வைத்தது மலை இல்லை. கும்பிட வந்த யாரோ.