கடிக்க ஒன்றுமில்லாத மாதம்

பக்கவாதம் வந்து மாமனார் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: ஒரு மாதத்துக்கு எல்லாம் மசித்துத்தான் தர வேண்டும், கட்டியாக எது கொடுத்தாலும் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

கறிக்கடை வைத்து ஊருக்கே எலும்பு வெட்டிக் கொடுத்த மனுஷன். முதல் ராத்திரியே கிண்ணத்தைத் தள்ளிவிட்டார்.

"நீங்கல்லாம் நல்லா கடிச்சுத் தின்னுங்க. எனக்கு மட்டும் பச்சப்புள்ள சாப்பாடா?"

வீம்புக்கென்றே பிறந்தவர். பட்டினி கிடந்தே போய்ச் சேர்ந்துவிடுவார் போலிருந்தது. கடைசியில் நான்தான் சொன்னேன்: "சரி மாமா, இந்த மாசம் பூரா ராத்திரிக்கு எல்லாருக்கும் அதேதான். போதுமா?"

உட்கார்ந்து மாதம் முழுவதற்கும் யோசித்து வைத்தேன். பூசணி, உருளை, பருப்பு, கேரட் என்று நாக்கு செத்துப்போகாமல் மாற்றி மாற்றி. மாமா சாப்பிட்டார். "உன் புருஷன் மூஞ்சியப் பாரு, விளக்கெண்ண குடிச்ச மாதிரி" என்று சிரிக்கவும் செய்தார். மகன் முகம் சுளிப்பதைப் பார்த்தால்தான் அவருக்குப் பசியே எடுத்தது.

பஸ் ஓட்டும் அந்த மகனுக்கோ நாக்கு நாலு முழம். மாதம் பாதி தாண்டிய ஒரு சாயங்காலம் நான் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில், பொரித்த மீன் வாங்கி வந்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எங்கள் மகளோடு தின்றிருக்கிறார். மீதியைப் பொட்டலத்தோடு அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவிட்டார். மாமா மோப்பம் பிடித்துவிட்டார். வாதம் கை காலில்தானே, மூக்கில் இல்லையே!

மறுநாள் காலை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தேன். மாமா சுவரைப் பிடித்துப் பிடித்துச் சமையலறை வரை போயிருக்கிறார். தரையில் கிடந்தார். வாய் நிறைய மீன். முகம் நீலம் பாரித்திருந்தது.

"ஒளிச்சு வெச்சுத் திங்கிற அளவுக்கு அப்படி என்ன கேடு உங்களுக்கு?" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் முன்னாலேயே என் கணவரைப் பார்த்துக் கத்தினேன். எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

எல்லாரும் கிளம்பிப் போனபின், முதல்முறையாகச் சமைக்கப் போன ராத்திரி, சோற்றுக்கு அரிசி எடுத்தேன். டப்பாவைப் பார்த்ததும் என் கணவர் முகம் திரும்பிவிட்டது.

"வேணாம். மாசம் இன்னும் முடியலல்ல? நீ யோசிச்சு வெச்ச மாதிரியே செய்."

அன்றைக்குப் பூசணி. மசித்து வைத்தேன்.

"தாத்தாதான் இல்லையே. இன்னும் எதுக்கும்மா இது?" என்றாள் மகள்.

அவள் அப்பா ஒரு வாய் எடுத்துப் போட்டு மென்றார். கடிக்க ஒன்றுமே இல்லாததை மென்றுகொண்டே இருந்தார். அவரால் விழுங்க முடியவில்லை.