பதினேழு எலிகள்

பத்திரிகையில் தலைப்பு வைப்பது அக்காவின் வேலை. தலைப்புக்குக் கீழே படிக்கும் பழக்கம் மட்டும் கிடையாது. தம்பிக்கு லிம்போமா என்ற புற்றுநோய் என்றதும் 'புது மருந்து', 'முழு குணம்' என்று கண்ணில் பட்டதையெல்லாம் கத்தரித்து, பதினேழு செய்திகளை ஒரு ஃபைலில் போட்டு டாக்டர் மேசையில் வைத்துவிட்டாள்.

டாக்டர் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். "பதினேழும் எலி மேல செஞ்ச ஆராய்ச்சிம்மா."

அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன், ஒரு மனுஷன்கூடவா கிடைக்கல?"

"கிடைச்சாரே! உங்க தம்பிக்கு இப்ப ஏத்துற மருந்தும் முதல்ல எலிக்குப் போட்டதுதான். கட்டி பாதி கரைஞ்சிருக்கு."

அடுத்த வாரம், நோயாளிகளின் குடும்பங்கள் கூடும் கூட்டத்தில், கணவனுக்கும் அதே நோய் என்று புதிதாக வந்தவள் அழுதாள். அக்கா ஃபைலை அவள் மடியில் வைத்தாள்.

"தலைப்பை விடும்மா, உள்ள படி. எலியெல்லாம் சௌக்கியமா இருக்கு. அடுத்து நம்ம முறைதான்."